பித்தளைக் குடத்தில் அந்தூரியம்

போன மாதம் மகள் என்னைக் கண்டி வாவிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். பூ அலங்காரம் செய்து காட்டுகிறார்களாம். வீட்டுக்குள்ளேயே கிடந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பதற்கு இது பரவாயில்லை என்று அவள் நினைத்திருப்பாள். வாசலில் ஒரு பெண் சிரித்தபடி இலக்கம் போட்ட டிக்கட் ஒன்றை என் கையில் வைத்தாள். கடைசியில் குலுக்கல். மேடையில் செய்யும் அலங்காரம் அதிர்ஷ்டமுள்ள யாருக்காவது கிடைக்கும். நான் பாதியில் எழுந்து, டிக்கட்டைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவளுக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். என் வயதுக்காரர்களுக்கு நடுவில் அதிகம் விளக்கத் தேவையில்லை. ஊரில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பா கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. அம்மா பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அப்பாவைக் கட்டியதால் டவுனுக்கு வந்தவள். நாங்கள் இருந்த தெருவுக்கு மேலே, மேட்டில், ஒரு பெரிய உத்தியோகத்தரின் வீடு. யாழ்ப்பாணத்து ஆட்கள். அந்த வீட்டு அம்மாதான் பூ அலங்காரச் சங்கத்தின் தலைவி. அவரை நான் தலைவியம்மா என்றே சொல்கிறேன். பெயர் எதற்கு, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் அம்மா நன்றாகப் பூக் கட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கட்டும்போது ஒரு முழம் கூடக் கட்டி மேட்டு வீட்டுக்கும் கொடுத்துவிடுவாள். அப்படிப் பழக்கமாகி, ஒரு நாள் சங்கத்துப் பெண்களுக்குப் பூச்சரம் கட்டிக் காட்டச் சொல்லித் தலைவியம்மா அழைத்தார். அம்மா மண்டபத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதிரையில் இருந்து செய்யச் சொன்னார்கள். கதிரையில் இருந்தால் கால் பெருவிரலில் வாழைநாரை மாட்டி இழுக்க முடியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கையாலேயே ஏதோ கட்டிக் காட்டினாள். சரம் தொளதொளவென்று வந்தது. ஆனாலும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அம்மா சங்கத்துக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த மண்டபத்தின் வாசம் இப்போதும் எனக்கு மறக்கவில்லை. ஈரப் பத்திரிகைத் தாள், தண்ணீரில் ஊறிய செவ்வந்தித் தண்டின் நாற்றம், தரைக்குப் போட்ட மெழுகு, பின்பக்க அறையில் கொதிக்கும் தேயிலை. பூ நிற்பதற்கு ஈயக் கட்டியில் பித்தளை ஊசி பதித்த தட்டு ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளங்கை அளவுதான், தூக்கினால் மணிக்கட்டு நோகும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். அதனால் அந்த ஊசித் தட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மரியாதை. தலைவியம்மாவிடம் மூன்று இருந்தன. இல்லாதவர்கள் கோழிக்கூட்டுக் கம்பி வலையைச் சுருட்டி உள்ளே திணித்தார்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் ஒருவர் மேடையில் செய்து காட்டுவார். பிறகு எல்லோரும் மேசைகளில் செய்து பழகுவார்கள். செய்து காட்டுகிறவர் மேசைக்குப் பின்னால் நிற்பார். அலங்காரத்தின் முகம் எங்களைப் பார்த்திருக்கும். அவர் அதன் முதுகுப் பக்கம் நின்றே பூவைக் குத்துவார். முன்னால் எப்படித் தெரிகிறது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத்தான் தெரியும். அதுதான் அந்த வேலையின் கெட்டித்தனம் என்று சொல்வார்கள்.

அம்மாவுக்கு அந்தக் கலை வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். பூவுக்குப் பூ வெற்றிடம் விடவேண்டும் என்று தலைவியம்மா படித்துப் படித்துச் சொன்னார். வெற்றிடம் என்றால் பூ போதவில்லை என்றுதான் அம்மாவுக்குத் தோன்றும். டேலியா, செவ்வந்தி, பன்னம் இலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்துவிடுவாள். அவள் மேசையைக் கடக்கும்போது பெண்கள் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அம்மாவும் கூடச் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மா அங்கே பூவுக்காகப் போகவில்லை.

அம்மாவின் தம்பிக்கு, பன்வில தோட்டத்தில் இருந்த என் மாமாவுக்கு, இந்தியாவுக்குப் போகச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. மாமா பிறந்தது அதே லயத்தில். இந்தியாவை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் தாத்தா எந்தக் காலத்திலோ இந்தியப் பிரஜாவுரிமை மனுவில் போட்ட கைநாட்டு அவரை இந்தியாக்காரர் ஆக்கிவிட்டது. அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு தம்பிதான். தலைவியம்மாவின் கணவர் நினைத்தால் போகிறவர்கள் பட்டியலிலிருந்து தம்பியின் பெயரை எடுத்துவிடலாம் என்று அம்மா நம்பினாள்.

அப்பா சிரித்தார். "அந்தாளு ரோட்டுக்குத் தார் ஊத்துற டிப்பார்ட்மெண்டு. அவரு எப்படிக் கப்பல நிப்பாட்டுவாரு?"

"ஜீப்புல போற ஆளுக்கு ஜீப்புல போற ஆளத் தெரியாமயா இருக்கும்?" என்றாள் அம்மா. "நீங்க முதலாளியத் தவிர யாரத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க?"

அப்பா வாயை மூடிக்கொண்டார். இப்போது யோசித்தால் அவர் மூடியிருக்கக் கூடாது. சிரித்துவிட்டு விடுகிற விஷயமா அது? உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கும் ஒரு மூலையில் ஆசை இருந்திருக்கும். நடந்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டார்.

அம்மாவின் தப்பு இன்னும் பெரிது. விஷயத்தை அவள் வாய் திறந்து கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டே, பெரிய இடத்தில் காரியத்தை நேரே சொல்லக்கூடாது, முதலில் பழகவேண்டும், கொடுக்கவேண்டும், அவர்களாகவே என்ன வேண்டும் என்று கேட்கிற நாள் வரும் என்று. அம்மா அந்த நாளுக்குக் காத்திருந்தாள். இடையிடையே, "தம்பி விசயம் ஒண்ணு இருக்குதுங்கம்மா" என்பாள். "ஓம் ஓம், பாப்பம் பிள்ளை" என்பார் தலைவியம்மா, கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே. அன்று முழுக்க அம்மாவின் முகம் மலர்ந்திருக்கும். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்வாள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எந்தச் சனமும் கடையை விட்டு இறங்குவதில்லை, திரும்பி வந்தவர்களை இன்னும் காணோம் என்பார் அப்பா.

அந்தப் பருவத்தில் சங்கத்துக்குப் பித்தளைப் பைத்தியம் பிடித்தது. கண்ணாடிச் சாடியும் பீங்கானும் அலுத்துவிட்டன. பழைய பித்தளைப் பாத்திரத்தில் பூ வைப்பதுதான் அழகு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தோட்டங்களில் பெட்டி கட்டுகிற சனங்கள் குடத்தையும் அண்டாவையும் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்த நேரம். சங்கத்துப் பெண்கள் கார் எடுத்துக்கொண்டு அள்ளிக்கொண்டு வந்தார்கள். பாத்திரத்துக்கென்றே ஒரு சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி வைத்தார்கள். அண்டா வாய்க்கு எத்தனை உயரப் பூ, செம்புக்கு எது என்று.

அம்மா முதலில் எங்கள் வீட்டுச் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு எங்கள் குடத்தை. தலைவியம்மாவுக்கு அளவில்லாத சந்தோஷம். "இதிலும் பழசு, பெரிசு, ஆரிட்டையும் இருக்குமோ பிள்ளை?" என்று கேட்டார். அவராகக் கேட்கிற நாள் வந்துவிட்டது என்று அம்மா நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு நானும் அம்மாவும் பஸ் ஏறி வத்தேகம வழியாகப் பன்விலைக்குப் போனோம். தோட்டத்துக்குள் நுழையும்போதே சுத்தியல் சத்தம். லயத்தில் வீட்டுக்கு வீடு மரப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பலகை வாசம். மாமா வீட்டு வாசலில் மட்டும் பெட்டி இல்லை. அம்மாதான் கட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். பெட்டி கட்டினால் போவது உறுதியாகிவிடுமாம். பக்கத்து வீட்டு ஆள் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே மாமாவைச் சீண்டினார்.

"என்னாப்பா, ஒனக்கு மட்டும் கப்பல் இல்லியா?"

"எங்கக்கா பூ வச்சே கப்பல நிப்பாட்டிட்டாங்க" என்றார் மாமா.

லயமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் அதை நம்பினார். அக்கா டவுனில் இருக்கிறாள், பெரிய வீட்டுக்குப் போய் வருகிறாள், அவளுக்குத் தெரியாததா? அவ்வளவுதான் அவர் கணக்கு.

அத்தை, மாமாவின் மனைவி, தண்ணீர் விழும் பீலியடியில் குந்திக் குடம் விளக்கிக்கொண்டிருந்தாள். புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால். வெயில் பட்டு அந்தக் குடம் கண்ணைக் கூசவைத்தது. அது அவளுடைய தாய்வீட்டுச் சீர். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவள் பெயரை வெட்டியிருந்தார்கள். அம்மா வந்த காரியத்தைச் சொன்னாள். அத்தை குடத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"அண்டாவ எடுத்துக்கிட்டுப் போங்க மதினி. கொடம் வேணாம். தண்ணிக்கு வேற இல்ல."

"காரியம் முடியட்டும். நான் ஒனக்குப் புதுசு வாங்கித் தாரேன்."

"புதுசு என்னாத்துக்கு மதினி? இதுதான் இருக்கே."

எனக்கு அப்போது அத்தை கருமி என்று தோன்றியது. அம்மா இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், ஒரு குடத்தைக் கொடுத்தால் என்ன? மாமா, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், குடு" என்றார். அத்தை குடத்தைத் துடைத்து, பழைய சேலைத் துண்டில் சுற்றி, வாயில் முடிச்சுப் போட்டு அம்மாவின் இடுப்பில் வைத்தாள். பிள்ளையைக் கைமாற்றுகிற மாதிரிதான் இருந்தது.

தலைவியம்மா சேலைத் துண்டை அவிழ்த்ததும் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன வடிவு" என்றார். பிறகு, "இனி மினுக்கிறேல்ல. களிம்பு பிடிக்கவேணும். அப்பதான் பழசு மாதிரி இருக்கும்" என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை. விளக்காத பித்தளையை யார் மதிப்பார்கள்? அடுத்த முறை போனபோது குடம் வெளி விறாந்தையில் மழைச் சாரல் படுகிற இடத்தில் கிடந்தது. தோளில் பச்சை ஏறியிருந்தது. அம்மா பார்த்தாள். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த குத்துவிளக்கைப் போட்டு அந்தத் தேய் தேய்த்தாள்.

வருடக் கடைசியில் சங்கத்தின் பெரிய காட்சி. தலைவியம்மாவே மேடையில் செய்து காட்டுவார், அவருடைய கணவர் பிரதம விருந்தாளி. அன்றைக்குத் தம்பியை நேரே கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று அம்மா முடிவு செய்தாள். மாமாவும் அத்தையும் முதல் பஸ்ஸில் வந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டை. அத்தை கல்யாணச் சேலை. வாசலில் ஆளுக்கொரு டிக்கட் கொடுத்தார்கள். அது எதற்கென்று அத்தைக்குத் தெரியாது. பஸ் டிக்கட்டைப் போல மடித்து வைத்துக்கொண்டாள். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

திரை விலகியது. மேசையில் அந்தக் குடம். முழுக்கப் பச்சையும் கறுப்புமாக. எழுத்துப் பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. தலைவியம்மா பின்னால் நின்று சிவப்பு அந்தூரியங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார். இந்தக் கைவெட்டு எழுத்தைப் பாருங்கள், இதை முன்னால் வைத்தால் அலங்காரத்துக்கே ஒரு பழமை வருகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் தமிழ்ப் பெண். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாதவர் இல்லை. அது ஒருத்தியின் பெயர் என்று அவருக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெயர்க்காரி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அத்தை அம்மாவின் காதோரம் குனிந்தாள். "மதினி, நம்ம கொடம்."

அம்மா தலையாட்டினாள்.

"வெளக்கவே இல்லியே. ஏன், அவங்க வீட்டுல யாரும் செத்துட்டாங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். வீட்டில் சாவு விழாமல் பித்தளையை இப்படிப் போட்டுவைப்பார்கள் என்று அவளால் நினைக்க முடியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கருமி என்று நினைத்ததெல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டது.

தேநீர் நேரத்தில் அம்மா மாமாவைத் தள்ளிக்கொண்டு அந்த உத்தியோகத்தரிடம் போனாள். உயரமான, களைத்த மனிதர். அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த வருடம் முழுக்க அடக்கி வைத்திருந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். அந்தச் சங்கத்தில் அம்மா பேசியதை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"இது என்ர பகுதி இல்லையம்மா. என்னால ஒண்டும் செய்யேலாது" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "எப்ப போகவேணும்?" என்று கேட்டார்.

"இந்த மாசக் கடைசிங்கய்யா."

"சாமானெல்லாம் கட்டிப்போட்டியளோ?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

தலைவியம்மா பக்கத்தில் வந்து விஷயத்தைக் கேட்டுத் திகைத்துப்போனார். "ஐயோ பிள்ளை, தம்பிக்கு வேலை கேக்கிறாய் எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார். அம்மாவின் தோளைத் தட்டினார். "யோசிக்காதே. அங்க மல்லிகைப்பூ எல்லாம் சரியான மலிவாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இத்தனை வருடம் அவரையே திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். நல்ல மனதோடுதான் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பிறகு குலுக்கல். மற்ற நாட்களில் பூவை மட்டும்தான் கொடுப்பார்கள். வருடக் கடைசிக் காட்சியில் பாத்திரத்தோடு கொடுப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். அது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா அத்தையின் கையைப் பிடித்தாள். "டிக்கட்ட எங்க வச்ச? எடு. நம்மகிட்ட நாலு இருக்கு. விழுந்தாலும் விழும்."

பாருங்கள், அவ்வளவும் நடந்த பிறகும். அது எங்கள் குடம், கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனிதர் எடுத்துக் கொடுத்திருப்பார். அம்மா கேட்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது கேவலமாம். டிக்கட்டில் விழுந்தால் கேவலம் இல்லையாம். அத்தை மடித்த டிக்கட்டை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தன் குடம் தனக்கு விழுமா என்று.

உத்தியோகத்தர் பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து வாசித்தார். கம்பளையிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் மனைவி சின்னப் பிள்ளை மாதிரி துள்ளி எழுந்தார். மண்டபம் கை தட்டியது. அம்மாவும் தட்டினாள். எல்லோரும் தட்டுவதைப் பார்த்துவிட்டு அத்தையும் டிக்கட்டை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினாள். அந்தப் பெண்ணின் டிரைவர் வந்து குடத்தைத் தூக்கினான். வாசல்வரை தண்ணீர் சிந்திக்கொண்டே போனது.

மாமா கடைசி நேரத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஏதோ ஒரு பெட்டி அடித்தார். ஆடு, கொல்லையில் போட்டிருந்த மரக்கறி, எல்லாம் வந்த விலைக்குப் போனது. மற்றவர்கள் நேரம் எடுத்து விற்றார்கள். இவருக்கு நேரம் இல்லை. கண்டி ஸ்டேஷனில் அழுகைச் சத்தத்துக்கு நடுவே மாமா அம்மாவிடம், "நீங்க என்னாக்கா செய்வீங்க, விடுங்க" என்றார். திட்டியிருக்கலாம். அப்பா கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிவந்து அத்தையிடம் நீட்டினார், நீல நிறம். அத்தை அதை வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"இது களிம்பு பிடிக்காது" என்றாள்.

அத்தையிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். நீலகிரிப் பக்கம் எங்கோ இறக்கிவிட்டார்கள் என்று கேள்வி. பிறகு அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அம்மா சங்கத்துப் பக்கம் தலைவைக்கமாட்டாள் என்று நினைத்தேன். புது வருடத்தின் முதல் சனிக்கிழமை காலையில் குளித்து, தலை வாரி, முற்றத்துச் செவ்வந்தியைப் பறித்துப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருப்பதா போவதா என்ற எங்கள் வீட்டுப் பிரஜாவுரிமை விஷயமும் அப்போது முடிவாகவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அப்பா வாசலில் நின்று, "இன்னும் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"போகாம விட்டா கோவம்னு நெனப்பாங்க" என்றாள் அம்மா. "நாளைக்கு நமக்கும் ஒரு தேவை வரும்."

அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போனாள். வாசலில் டிக்கட் கொடுத்தார்கள். அவள் அதை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.